தண்ணீர் நன்றாகத்தான் பீய்ச்சுகிறது, ஆனாலும் எஞ்சின் கொதிக்கிறதே?

ஊத்தான் மெலிந்தாங் ஃபிட்டர்

வணக்கம். மலேசியாவில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையில் 19 வருஷமாக ஃபிட்டர் வேலை பார்க்கிறேன். பாய்லர், கன்வேயர், பம்பு என்று எது நின்றாலும் நடுராத்திரியில் என் போன்தான் அடிக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இயந்திரம் தெரிந்தவன் என்ற நினைப்பே என்னைக் கடலில் மாட்டிவிட்டது.

போன தீபாவளி போனஸில் நானும் மச்சானும் பாதிப் பாதி போட்டு ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கினோம். அதோடு 40 குதிரைசக்தி டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்ட் ஒன்று, படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின். விற்றவர் "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு" என்றார். முதல் இரண்டு தடவை பெர்ணம் ஆற்றிலேயே சுற்றினோம், ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாவது தடவை முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போனோம். மெதுவாக ஓட்டியவரை சரி. முழு வேகத்தில் ஒரு பத்து நிமிடம் போயிருப்போம், பஸர் கத்தியது, இழுவை விழுந்தது. மூடியைத் திறந்து சிலிண்டர் தலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தோசைக்கல்லில் விட்ட மாதிரி 'சுர்' என்றது.

அரை மணி நேரம் ஆறவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து ஜெட்டிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே இருந்த சீன மீனவர் ஒருவர் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ஒரு பட்டறையில் கொடுத்தேன். பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறக்கைச் சக்கரம், அதாவது இம்பெல்லர், போய்விட்டது என்று புதுசு போட்டுக் கொடுத்தார்கள். பின்பக்கத்து ஓட்டையில் இப்போது தண்ணீர் பென்சில் தடிமனுக்கு அழகாகப் பீய்ச்சுகிறது. "ஒன்னுக்குப் போகுதே, அப்புறம் என்ன?" என்கிறான் மச்சான். ஆனால் போன ஞாயிறு மறுபடி அதே கதை. மெதுவாகப் போனால் ஒன்றும் இல்லை, முழு வேகம் பிடித்தால் கொதிப்பு.

தண்ணீர் வருகிறது, பம்பு புதுசு. அப்புறம் எங்கே கோளாறு? இன்னொன்று, வீட்டுக்கு வந்ததும் ஹோஸ் பிடித்து எஞ்சினை வெளியே நன்றாகக் கழுவித் துடைத்து வைக்கிறேன். அது போதுமா?

கேரித்தீவு ஓட்டி

சூடானால் திறந்து தண்ணீரை விடும் வால்வு இருக்கிறதே, தெர்மோஸ்டாட், அதைக் கழற்றி வீசுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு? குளிர் நாட்டுக்காரன் வைத்த சாமான். நான் எட்டு வருஷமாக இல்லாமல்தான் ஓட்டுகிறேன்.

லூமுட் பட்டறை

ஃபிட்டர் அண்ணே, நீங்கள் சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மெதுவாக ஓடும்போது சூடேறி, வேகம் பிடித்தால் ஆறினால் பெரும்பாலும் பம்பு பலவீனம். மெதுவில் சரியாக இருந்து வேகத்தில் மட்டும் கொதித்தால் வழியில் எங்கோ அடைப்பு. எஞ்சின் கேட்கிற அளவு தண்ணீர் சுற்றி வர முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பும் சட்டம் இல்லை இது, ஆனால் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

பீய்ச்சும் தண்ணீரை நம்பாதீர்கள். நிறைய எஞ்சின்களில் அந்தக் குழாய் தெர்மோஸ்டாட்டுக்கு முன்பே பிரிந்து வந்துவிடும். பம்பு தண்ணீர் தூக்குகிறது என்பதை மட்டும்தான் அது காட்டும். அந்தத் தண்ணீர் சிலிண்டரைச் சுற்றிவிட்டு ஒழுங்காக வெளியே போகிறதா என்று அதற்குத் தெரியாது. வாசலில் தண்ணீர் லாரி நிற்கிறது என்பதற்காக மாடித் தொட்டி நிறைந்துவிட்டதாக அர்த்தமா?

எதிர்ப்பக்கமும் நடக்கும். பீய்ச்சவே இல்லை என்று பதறி வருவார்கள், பார்த்தால் குளவி மண்கூடு கட்டியிருக்கும். தங்சி நரம்பை (தூண்டில் நைலான்) உள்ளே விட்டு ஆட்டினால் சரியாகிவிடும்.

வெளியே கழுவுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அது பெயிண்டுக்கு நல்லது, எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. கடல் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கொண்டது. நீங்கள் எஞ்சினை நிறுத்தியதும் உள்ளே தங்கிய தண்ணீர் அந்தச் சூட்டிலேயே காய்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு மெல்லிய பூச்சு. நீங்கள் பாய்லர்காரர், மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

கேரித்தீவு நண்பருக்கு: தெர்மோஸ்டாட் குளிருக்காக மட்டும் வைத்தது இல்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் வேலை செய்யும் சூட்டுக்கு வராமலே ஓடும், கரி பிடிக்கும், பிளக் நனையும். சில எஞ்சின்களில் தண்ணீர் சுலபமான வழியாக ஓடிவிட்டு, சூடான மூலைக்குப் போகாமலே திரும்பும். உங்களுக்கு எட்டு வருஷம் ஓடியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அண்ணனுக்கு இப்போது இருக்கும் அடைப்பை அது மறைக்கும், தீர்க்காது.

சரி, மூன்று கேள்வி. பழைய இம்பெல்லர் ஏன் போனது? அதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? அதன் இறக்கைகள் முழுசாக இருந்தனவா?

பாகான் டத்தோ தாத்தா

தம்பி, எனக்கு 71 வயசு. தென்னந்தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே சம்பான் வைத்திருந்தவன். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், எனக்குக் கடல் பைத்தியம். நானும் உன்னை மாதிரி வெளியே பளபளவென்று கழுவி ஒரு எஞ்சினைக் கொன்றவன்தான்.

அப்போது 15 குதிரைசக்தி எஞ்சின். "நம்மது ஆற்று வாய்த் தண்ணீர்தானே, பாதி நல்ல தண்ணீர், உப்பு கம்மி" என்று ஒரு நினைப்பு. மூன்று வருஷம் உள்ளே ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விடவில்லை. ஒருநாள் தலையைத் திறந்து பார்த்தால் தண்ணீர் போகும் சந்தெல்லாம் பழைய கெட்டில் அடிப்பாகம் மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. சுரண்டினால் கல்லு. அதன் மேல் ஆற்றுச் சேறு வேறு அப்பி, நெருப்பில் சுட்ட செங்கல் மாதிரி ஆகியிருந்தது. ஆற்று வாயில் உப்பு குறைவுதான், சேறு இரண்டு மடங்கு.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்தேன். தோட்டத்தில் வாங்கிய 44 காலன் டிரம் ஒன்றை மேல்பக்கம் வெட்டி, வீட்டுக்குப் பின்னால் மரச்சட்டத்தோடு வைத்தேன். கரைக்கு வந்ததும் எஞ்சினைச் சட்டத்தில் மாட்டி, நல்ல தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் மெதுவாக ஓடவிடுவேன். எஞ்சினின் காலில் விசிறிக்கு மேலே ஒரு தட்டு இருக்குமே, தண்ணீர் அதற்கு மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பம்பு காற்றைக் குடிக்கும். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள். அது சும்மா. எஞ்சின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்தால்தான் நல்ல தண்ணீர் உள்ளறைக்கே போகும். நான் பத்துப் பதினைந்து நிமிடம் விடுவேன், ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம். டிரம்மில் தண்ணீர் கலங்கி உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவேன். பொண்டாட்டி தண்ணீர் பில்லைக் காட்டித் திட்டுவாள். எஞ்சின் விலையை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை.

இன்னொரு விஷயம், திட்டாதீர்கள். பிடித்துப்போன சுண்ணாம்பை எடுக்க நான் ஒரு தடவை ரப்பர் பால் உறையவிடும் ஃபார்மிக் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றினேன். அந்தக் காலத்தில் தோட்டத்து வீடுகளில் அது சுலபமாகக் கிடைக்கும். நுரைத்துக்கொண்டு கழன்றது. புளியும் போட்டுப் பார்த்தேன், பித்தளைக் குடத்துக்குத் துலக்குகிற மாதிரி. பித்தளை மின்னியது, எஞ்சின் மின்னவில்லை.

லூமுட் பட்டறை

தாத்தா, டிரம் விஷயம் நூற்றுக்கு நூறு. ஃபார்மிக் ஆசிட்டை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். அவுட்போர்டின் உடம்பு அலுமினியம், ஆசிட் சுண்ணாம்போடு நிற்காமல் அதையும் தின்னும். கையில், கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் கூடாது. சமையல் காடி (வினிகர்) போதும், மெதுவாக வேலை செய்யும். கழற்ற முடிந்த சாமானைக் கழற்றிக் காடியில் ஊறவையுங்கள், குமிழி நின்றதும் எடுத்து நன்றாக அலசுங்கள். வெறும் உப்புக்குக் காடிகூட வேண்டாம், வெந்நீரிலேயே கரையும். கரையாமல் நிற்பது கால்சியம் படிவம்.

இந்தக் கால்சியம் உப்புகளின் குணம் தலைகீழ். சமையல் உப்பு வெந்நீரில் நன்றாகக் கரையும். இவை சூடு ஏற ஏறக் கரையாமல் வெளியே வந்து, இருப்பதிலேயே சூடான சுவரில் போய் ஒட்டும். அதனால்தான் கடல் தண்ணீரையே நேராகச் சுற்றவிடும் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் 50, 60 டிகிரியிலேயே திறக்கிறது. காரில் 80க்கு மேல். கார் தெர்மோஸ்டாட் அளவு பொருந்துகிறதே என்று எடுத்துப் போட்டு, ஒரே வருஷத்தில் எஞ்சினைச் சுண்ணாம்புச் சூளை ஆக்கியவரைப் பார்த்திருக்கிறேன்.

ஊத்தான் மெலிந்தாங் ஃபிட்டர்

லூமுட் தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இரண்டு நாள் சுற்றினேன். வெட்கம்தான் காரணம்.

எஞ்சின் வாங்கிய அன்று சாயந்திரம் வீட்டுப் போர்ச்சில் மரக்கட்டையில் மாட்டிவைத்திருந்தோம். மாமா குடும்பம் வந்திருந்தது. "ஓடுமா இது?" என்றார் மாமா. மச்சான் கயிற்றை இழுத்தான், ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் திராட்டலைத் திருகி முறுக்கிக் காட்டினேன். தண்ணீர் இல்லை, டிரம் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஓடியிருக்கும்.

பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டாதே என்று பயிற்சிக்கு வரும் பையன்களைக் காது கிழியத் திட்டுகிறவன் நான்.

பழைய இம்பெல்லரைப் பட்டறையில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். மைலோ டின்னில் கிடந்தது. உங்கள் கேள்வியைப் படித்ததும் எடுத்துப் பார்த்தேன். ஆறு இறக்கையில் நான்கு முழுசு, இரண்டில் நுனி இல்லை. ஓரமெல்லாம் தேய்ந்து பளபளக்கிறது. பட்டறையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

லூமுட் பட்டறை

வெட்கம் எதற்கு அண்ணே, போர்ச்சில் ஓட்டிக் காட்டாத ஆள் யார்? அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். இல்லாமல் ஓடினால் சில நொடியிலேயே சூடேறிக் கருகும். உங்கள் எஞ்சின் முதல் இரண்டு தடவை ஆற்றில் தப்பித்தது, நீங்கள் மெதுவாகப் போனதால்.

இப்போது விஷயம் தெளிவு. அந்த இரண்டு நுனியும் காற்றில் கரையவில்லை. எஞ்சினுக்குள்தான் எங்கோ உட்கார்ந்திருக்கின்றன. புது பம்பு அவற்றை இன்னும் மேலே தள்ளியிருக்கும். தண்ணீர்க் குழாயின் மேல்முனை, சிலிண்டர் தலையின் சந்துகள், தெர்மோஸ்டாட் உட்காரும் கூடு, இந்த வரிசையில் தேடுங்கள். துண்டுகளை மைலோ டின்னில் இருப்பதோடு பொருத்திப் பாருங்கள். இரண்டும் கிடைக்கும்வரை வேலை முடியவில்லை.

தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகளில் கவனம். உப்பு பிடித்த எஞ்சினில் அவை அலுமினியத்தோடு கல்யாணம் செய்துகொண்டிருக்கும். முதல் நாள் ராத்திரியே துருவிளக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். சுத்தியலால் தலையில் மெதுவாகத் தட்டுங்கள். இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, அவிழ்க்கும் பக்கம் ஒரு நூலளவு என்று முன்னும் பின்னும் ஆட்டி எடுங்கள். வராவிட்டால் கோபப்பட்டு நீளக் குழாய் மாட்டி இழுக்க வேண்டாம். தலை முறிந்தால் உள்ளே இருப்பதைத் துளைத்து எடுப்பது தனிக் கொடுமை. திரும்பப் போடும்போது கடல் தண்ணீர் தாங்கும் கிரீஸ் தடவுங்கள், கேஸ்கெட் புதுசு போடுங்கள்.

பம்பையும் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். இம்பெல்லரை மட்டும் மாற்றி, அது உட்காரும் கிண்ணத்தையும் அடித்தட்டையும் பழசாகவே விட்டுவிடுவார்கள். வறட்சியாக ஓடிய பம்பில் அந்தக் கிண்ணம் கீறியிருக்கும், சிலதில் பம்பின் கூடே சூட்டில் வளைந்திருக்கும். புது ரப்பர் கீறலில் தேய்ந்து சீக்கிரம் போகும். போடும்போது தண்டை எஞ்சின் சுற்றும் பக்கமாகவே, அதாவது மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில், சுற்றிக்கொண்டே இறக்குங்கள். இறக்கைகள் அதற்கு எதிர்ப்பக்கமாக மடிந்து உட்காரும். தடவுவதற்குச் சாதாரண கிரீஸ் வேண்டாம், சில ரப்பர் ஊதிப்போகும். கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்போ போதும்.

இரண்டு தடவை கொதித்த எஞ்சின் என்பதால் கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும், பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருந்தால் தலை கேஸ்கெட் போயிருக்கலாம்.

சித்தியவான் டீசல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது உள்ளே வைத்த டீசல். நல்ல தண்ணீர் தனியாகச் சுற்றும், கடல் தண்ணீர் அதை ஆற்றும் வகை. எனக்கும் வேகத்தில்தான் சூடு. அதே காரணமா?

லூமுட் பட்டறை

சட்டம் அதேதான், அடைகிற இடம் வேறு. முதலில் கடல் தண்ணீர் வடிகட்டியின் மூடி. வாஷர் காய்ந்து விரிந்தால் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வடிகட்டி கண்ணாடியில் ஓயாமல் குமிழி ஓடினால் அதுதான். அப்புறம் படகின் அடியில் தண்ணீர் வரும் துளையில் சிப்பி. அப்புறம் உறிஞ்சும் பக்கத்து ஹோஸ், பழசானால் வேகத்தில் உள்ளே சப்பிக்கொள்ளும், நின்றதும் பழையபடி நிமிரும். கடைசியாகப் புகையும் தண்ணீரும் கலக்கும் முழங்கைக் குழாய். கரியும் உப்பும் சேர்ந்து உள்ளே விரல் நுழையாத அளவுக்கு அடைந்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

வெப்பமாற்றியில் பென்சில் மாதிரி துத்தநாகக் குச்சி இருக்கும். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். விட்டுவிட்டால் உடைந்து உள்ளே விழுந்து அதுவே குழாயை அடைக்கும்.

பாகான் டத்தோ தாத்தா

துத்தநாகம் என்றதும் ஒன்று சொல்கிறேன். அவுட்போர்டின் காலிலும் அந்தக் கட்டி இருக்கும். எஞ்சின் அரிக்காமல் தன்னை அரிக்கக் கொடுக்கிற உலோகம் அது. எங்களை மாதிரி ஆற்று வாய்க்காரர்களுக்குத் துத்தநாகத்தை விட அலுமினியக் கட்டிதான் நல்லது. உப்பு குறைந்த தண்ணீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு தோல் படிந்து வேலை செய்யாமல் தூங்கிவிடும். பார்க்கப் புதுசாக இருக்கும், "ஆகா, கரையவே இல்லை" என்று சந்தோஷப்படுவாய், அந்த நேரம் உன் எஞ்சின் கரைந்துகொண்டிருக்கும். பெயிண்ட் அடிக்கும்போது அந்தக் கட்டி மேலேயும் சேர்த்து அடித்துவிடுகிற புத்திசாலிகளும் உண்டு.

இன்னொன்று தம்பி. நடுக்கடலில் பஸர் கத்தினால் முதலில் வேகத்தைக் குறை. குறைத்தும் கத்தினால் நிறுத்து, நிறுத்திய கையோடு நங்கூரத்தைப் போடு. மூடியைத் திறப்பதெல்லாம் அதற்கு அப்புறம். நம் பக்கத்தில் தண்ணீர் வற்றும்போது இழுக்கிற இழுப்பு உனக்குத் தெரியும். நீ எஞ்சினுக்குள் தலையை விட்டிருப்பாய், படகு சேற்றில் ஏறியிருக்கும். நங்கூரம் பிடித்ததும் எஞ்சினைத் தூக்கித் தண்ணீர் வாயைப் பார். பத்துக்கு ஐந்து தடவை பிளாஸ்டிக் பைதான், இல்லை நீப்பா மட்டை நார். அவசரப்பட்டுச் சூடான தலையில் பச்சைத் தண்ணீரை வாளியால் ஊற்றிவிடாதே, வளைந்துவிடும்.

நீர் வற்றின நேரத்தில் சேற்றைக் கிளறிக்கொண்டு முழு வேகத்தில் போவதையும் விட்டுவிடு. விசிறி கிளப்புகிற சேற்றைப் பம்பு அப்படியே குடிக்கும். அது பம்புக்கு உப்புத்தாள்.

ஊத்தான் மெலிந்தாங் ஃபிட்டர்

திறந்தாகிவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி போல்ட்டுகளுக்கு எண்ணெய் அடித்தேன். சனிக்கிழமை மூன்று வந்தது, நான்காவது வரவே இல்லை. தம்பி சொன்ன மாதிரி முன்னும் பின்னும் ஆட்டினேன். இடையில் மச்சான் நீளக் குழாய் எடுத்து வந்தான், பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து 'கிர்ர்' என்று அசைந்தது.

மூடியைத் தூக்கினால் தெர்மோஸ்டாட் முகத்தில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. அதன் வாயில் கறுப்பாக, சின்னப் பயறு அளவில் ஒரு ரப்பர் துண்டு செருகி நின்றது. மைலோ டின் இம்பெல்லரில் ஒரு நுனியில் வைத்துப் பார்த்தேன், விட்ட பல்லு மாதிரி பொருந்தியது. பழைய ஆலை பாய்லர் குழாயை வெட்டிக் காட்டும்போது எவ்வளவு படிவம் பார்த்திருப்பேன். என் வீட்டு எஞ்சினுக்குள் அதே சாமான் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

தெர்மோஸ்டாட்டைச் சமையலறையில் சோதித்தேன். மனைவி கொடுத்தது பழைய பால் சட்டி, "இதில் இனி பால் காய்ச்ச மாட்டேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்ற நிபந்தனையோடு. தங்சி நரம்பில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரைப் பிடித்தேன். 60 தாண்டியது, 70 தாண்டியது, அசையவில்லை. 80ஐ ஒட்டிப் பாதி திறந்து அப்படியே நின்றுவிட்டது. மெதுவாக ஓடும்போது அந்தச் சந்து போதுமாக இருந்திருக்கிறது. முழு வேகத்தில் போதவில்லை. காடியில் ஊறப்போட்டு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். அப்புறம் அந்தக் கடலையும் சீன மீனவரின் பார்வையையும் நினைத்துப் புதுசு வாங்கிவிட்டேன்.

இரண்டாவது துண்டு கிடைக்கவில்லை. தலையைத் தடவினேன், குழாயைப் பார்த்தேன், ஊஹூம். கடைசியில் ஆலைப் புத்திதான் கைகொடுத்தது. பம்பைக் கழற்றிவிட்டு, தெர்மோஸ்டாட் இல்லாத வாயில் தோட்டத்து ஹோஸை வைத்துத் துணி சுற்றி அடைத்து, மேலிருந்து கீழாகத் தண்ணீரைத் தள்ளினேன். முதலில் சேறு, பிறகு உப்பு மணல் மாதிரி ஏதோ, பிறகு குழாய் வழியாக 'ப்ளக்' என்று அந்த நுனி கீழே வைத்திருந்த வடிகட்டியில் விழுந்தது. வடிகட்டியும் சமையலறையில் எடுத்ததுதான். அதைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.

பம்புக் கிண்ணத்தில் நகம் மாட்டும் அளவுக்கு இரண்டு கீறல். பட்டறையில் அதை மாற்றவே இல்லை. கிண்ணம், தட்டு, இம்பெல்லரைத் தண்டோடு பிடிக்கும் சாவி, இம்பெல்லர் நான்கையும் புதுசு போட்டேன். கம்ப்ரஷன் இரண்டு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது, தப்பித்தேன்.

நேற்று முகத்துவாரம் தாண்டி ஓட்டிப் பார்த்தோம். சூடு பார்க்க மச்சான் கோவிட் காலத்து நெற்றி தெர்மாமீட்டரைக் கொண்டு வந்தான். அது 'ஹை' என்று காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது, அதன் கணக்கில் எஞ்சினுக்குக் கடும் காய்ச்சல். நான் ஆலையில் பேரிங் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கன்னைக் கையில் வைத்திருந்தேன். சிலிண்டர் தலையில் கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் குறிவைத்தேன், பளபளக்கிற உலோகத்தில் நேராகக் காட்டினால் அது பொய் சொல்லும். மெதுவாக ஓடும்போது 50ஐ ஒட்டி. முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டினேன், 60ஐத் தாண்டவில்லை. பஸர் வாயே திறக்கவில்லை. மீனும் கிடைத்தது, இரண்டு செனாங்கின், ஒரு சியாக்காப். சியாக்காப் மச்சானுக்கு, குழாயை வேலிக்கு அப்பால் எறிந்ததற்கு நஷ்ட ஈடு.

எண்களை இப்போதே ஆலை லாக் புத்தகம் மாதிரி ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். தேதி, ஓடிய மணி, சூடு, நல்ல தண்ணீரில் ஓட்டினேனா இல்லையா. அடுத்த மாசம் இதே வேகத்தில் 70 காட்டினால், பஸர் கத்துவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

தாத்தா, டிரம்மும் கிடைத்துவிட்டது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதில் ஓட்டும்போது புகைக் குமிழியும் எண்ணெயும் மேலே மிதந்து தண்ணீர் ஒரே நுரையாகிறது. பம்பு அந்த நுரையைக் குடிக்காதா?

பாகான் டத்தோ தாத்தா

குடிக்கும் தம்பி. விசிறியைக் கழற்றிவிட்டு ஓட்டு, பாதுகாப்புக்கும் நல்லது. கியரைத் தொடவே தொடாதே, திராட்டலையும் மெதுவிலேயே வை. ஒரு ஹோஸை டிரம்மின் அடியில் விட்டு ஓடிக்கொண்டே இருக்கட்டும், அழுக்குத் தண்ணீர் மேலே வழிந்து போகும். வழிகிற தண்ணீர் எண்ணெய்த் தண்ணீர், வெண்டைச் செடிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள். நான் பார்க்காமல் விட்டு ஒரு பாத்தியே போச்சு.